உயிரின் பேரேடு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழாவில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். சிலம்பும் மேகலையும் முழங்கிய இம்மேடையில் இம்முறை அறிவியலைப் பற்றியும் ஒருவர் பேசட்டும் என்று செயற்குழுவினர் முடிவு செய்து, அப்பணியை என்னிடம் ஒப்படைத்தனர். நான் பேராசிரியன் அல்லேன். மெட்ரிக்குலேஷன் தேறியதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புகைவண்டித் துறையில் எழுத்தனாக இருப்பவன். அதுவும், பயணிகள் வண்டி ஒன்றேனும் ஓடாத இத்தீவில் அமர்ந்துகொண்டு, கடலுக்கு அப்பால் ஓடும் வண்டிகளுக்கு இடம் பதிவு செய்து கொடுப்பவன். ஆகவே, கண்ணிற் காணாத ஒன்றைக் கணக்கினால் அறிவது எப்படி என்று பேசுவதற்கு எனக்கும் சிறிது தகுதி உண்டு என்றே கருதுகிறேன்.

சென்ற திங்கள் நம் நூலகத்திற் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். அவர் கையில் ஓர் உயிரியல் மாநாட்டின் நிகழ்ச்சி நிரல் இருந்தது. “ஐயா, இதை உயிரியல் மாநாடு என்கிறார்கள். பேசுவோரிற் பாதிப்பேர் கணிதக்காரர்களாகவும் கணிப்பொறிக்காரர்களாகவும் இருக்கிறார்களே! இவர்களுக்கு அங்கென்ன வேலை?” என்றார். அவ்வினாவே இன்று என் பொருள்.

அமைப்பு உயிரியல் என்று இத்துறைக்குப் பெயர் வழங்குகின்றனர். 2000ஆம் ஆண்டில் டோக்கியோ மாநகரில் இதற்கென முதல் பன்னாட்டு மாநாடு கூடிற்று; அதன் பின்னர் நாடு மாற்றி நாடாகக் கூடியிருக்கிறது. உயிர்ப்பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பெயரிட்டு, இன்னது இன்னதைச் செய்கிறது என்று எழுதி வைப்பது பழைய முறை. அம்முறையாற் கிடைத்த அறிவு அளப்பரியது. அதனைக் குறை கூறுவார் எவருமிலர். ஆயினும், துண்டுகள் அனைத்தையும் அறிந்த பின்னரும், அவை ஒன்றுசேர்ந்து இயங்கும்போது என்ன நேரும் என்பது தானாக விளங்கிவிடுவதில்லை. அதற்குக் கணக்கு வேண்டும்.

நம் எல்லோர்க்கும் பழக்கமான ஒன்றைக் கொண்டு விளக்குகிறேன். இங்கிருந்து சென்னைக்குக் கப்பல் ஏறத்தாழ மூன்று நாள் ஓடுகிறது. கப்பல் இன்ன நேரத்திற் கரை சேரும் என்பது ஒரு தாளில் இருக்கிறது. எழும்பூரிலிருந்து பாண்டியன் விரைவு வண்டி இன்ன நேரத்திற் புறப்படும் என்பது மற்றொரு தாளில் இருக்கிறது. வங்கக் கடலிற் புயற்சின்னம் ஒன்று தோன்றிக் கப்பல் பத்து மணி நேரம் தாமதப்பட்டால் என்ன ஆகும்? மதுரைக்குப் போக வேண்டிய குடும்பம் வண்டியைத் தவறவிடும். மறுநாள் வண்டியில் இடமிராது. விடுதியிற் கைப்பணம் கரையும். தங்கை திருமணத்துக்குச் சென்றவர் தாலி கட்டி முடிந்த பின் போய்ச் சேருவார். திரும்பி வந்து என் சாளரத்தின் முன் நின்று என்னிடம் கோபித்துக்கொள்வார்! கப்பலையும் வண்டியையும் புயலையும் தனித்தனியே அறிந்தவனுக்கு இவ்விளைவு முன்கூட்டித் தெரியாது. மூன்றையும் ஒரே தாளில் வரைந்து பார்ப்பவனுக்கே தெரியும்.

புகைவண்டிக் கட்டுப்பாட்டு அறைகளில் அப்படியொரு கோட்டுப் படம் உண்டு. நேரம் ஒரு பக்கம், நிலையங்கள் ஒரு பக்கம். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. ஒற்றைப் பாதையில் இரண்டு கோடுகள் எங்கே வெட்டிக்கொள்ளுமோ, அங்கே ஒரு வண்டி ஒதுங்கி நின்றாக வேண்டும். வண்டி கண்ணுக்குத் தெரியாத தொலைவில் இருக்கும்போதே, படத்தைப் பார்ப்பவர் எந்த நிலையத்தில் எது நிற்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். உடலுக்கும் நோய்க்கும் அத்தகைய படம் வரைவதே அம்மாநாட்டிற் கணிதக்காரர்க்கு உள்ள வேலை. அதனை மாதிரி அமைத்தல் என்பர்.

இவ்வேலை கணிப்பொறி பெருகிய பின் தோன்றியதன்று. ஊசிக் கணவாயை நம்மில் அறியாதார் இலர். அதன் உடலில் ஒரு நரம்பு, வெறுங்கண்ணாற் காணுமளவு தடித்திருக்கும். இங்கிலாந்து நாட்டு ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர் அந்நரம்பில் மின்னோட்டத்தை அளந்து, அது செல்லும் வகையைச் சில சமன்பாடுகளாக எழுதி 1952இல் வெளியிட்டனர். விடை காண வேண்டிய வேளையிற் கேம்பிரிட்ஜ் நகரத்து மின்கணிப்பொறி மாற்றியமைப்பதற்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி மனந்தளரவில்லை. கைப்பிடியைச் சுற்றி இயக்கும் கணக்குப் பொறி ஒன்றை வைத்துக்கொண்டு, வாரக்கணக்கிற் சுற்றிச் சுற்றியே விடையை வருவித்தார். தாளில் வந்த விடை, கணவாயின் நரம்பில் அளந்ததோடு ஒத்திருந்தது! 1960இல் டெனிஸ் நோபிள் என்னும் இளைஞர் அதே வழியைப் பின்பற்றி இதயத்தின் துடிப்பைக் கணக்கிட்டார். அவருக்கு இலண்டனில் மின்கணிப்பொறி கிடைத்தது. ஆனால் நள்ளிரவு கழிந்த பிறகே கிடைத்தது. இரவுப் பணி நம் துறைக்கு மட்டும் உரியதன்று என்று அறிந்து மகிழ்ந்தேன்.

இவை மேலைநாட்டுச் செய்திகள், நமக்கென்ன என்று ஒருவர் கேட்கலாம். டோக்கியோ மாநாட்டுக்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1963 ஜனவரித் திங்களில், புரதங்களின் அமைப்பைப் பற்றிப் பேசுவதற்காகப் பல நாட்டு அறிஞர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்திற் கூடினர். 1967 ஜனவரியில் மீண்டும் கூடினர். கூட்டியவர் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன். 1922இல் எர்ணாகுளத்திற் பிறந்தவர். 1952இல், முப்பது வயது நிரம்பும் முன்பே, துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியாரின் அழைப்பை ஏற்று, இயற்பியல் துறைத் தலைவராகச் சென்னைக்கு வந்தவர்.

அவர் எடுத்துக்கொண்ட முதற் பெரும் புதிர், நம் தோலுக்கும் தசைநாணுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம். அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது வசதியாயிற்று. கங்காருவின் வாலிலிருந்து எடுத்த தசைநாணைக்கூட வரவழைத்து ஆராய்ந்தனர். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, அப்புரதம் மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954இலும் 1955இலும் அவர் வெளியிட்டார். அதனை ஏற்றுக்கொண்டோர் சிலர்; குறை கண்டோர் சிலர். உங்கள் கயிற்றிற் சில அணுக்கள் ஒன்றையொன்று மிக நெருங்கி நிற்கின்றனவே, அவ்வளவு நெருக்கம் தகுமா என்று இங்கிலாந்திலிருந்து ஒரு மறுப்பு வந்தது. மறுத்தவர்களும் சிறியோர் அல்லர், டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்ட கிரிக் அவர்களில் ஒருவர்.

இந்த இடத்தை நான் மிகவும் விரும்பிப் படித்தேன். நம்மிற் பெரும்பாலோர் என்ன செய்வோம்? சினங்கொண்டு ஒரு பதில் எழுதுவோம். இராமச்சந்திரன் அணுக்கள் எவ்வளவு நெருங்கி நிற்கலாம் என்பதையே தனிக் கேள்வியாக எடுத்துக்கொண்டார். அதுவரை அளந்து வெளியான படிகங்களையெல்லாம் திரட்டி, எந்த அணுவுக்கும் எந்த அணுவுக்கும் இடையே குறைந்த அளவு இடைவெளி எவ்வளவு என்று பட்டியல் வகுத்தார். பின்னர் சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகிய மாணவர்களுடன் அடுத்த கேள்விக்குச் சென்றார். புரதம் என்பது கண்ணிகள் கோத்த சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடங்களில் திரும்ப வல்லது. இவ்விரண்டு திருப்பத்தையும் எத்தனையோ விதமாக வைத்துப் பார்க்கலாம். அவற்றுள் அணுக்கள் ஒன்றையொன்று இடிக்காமல் அமைவன எவை? மேசைக் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிலையாகக் கணக்கிட்டு, இடிபடும் நிலைகளை நீக்கி, எஞ்சியவற்றை ஒரு சதுரப் படத்திற் குறித்தனர். படத்தின் பெரும்பகுதி வெறுமையாகவே நின்றது. சிற்சில தீவுகளே எஞ்சின. தீவிலே வாழும் நமக்கு அப்படத்தைக் கண்டவுடன் ஓர் உறவு தோன்றத்தான் செய்யும்!

1963இல் அப்படம் வெளியாயிற்று. இன்றைக்கு உலகில் எந்த ஆய்வகத்தில் எந்தப் புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும், அது சரியா என்று சோதிக்க இராமச்சந்திரன் படத்தின் மேல் வைத்துப் பார்க்கிறார்கள். வெறுமையான கடற்பகுதியில் நிறையப் புள்ளிகள் விழுந்தால், எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது என்று பொருள். நம் பேரேட்டிற் பற்றும் வரவும் ஒத்துவராதபோது நாம் உணர்வது போலத்தான்.

புரதத்தை விட்டு இனி ஊருக்கு வருவோம். ஒரு சங்கிலியின் அணுக்கள் ஒன்றையொன்று இடிப்பதைக் கணக்கிடுவது போலவே, ஓர் ஊரில் மனிதனும் கொசுவும் நோய்க்கிருமியும் ஒன்றையொன்று சந்திப்பதையும் கணக்கிடலாம். அவ்வகைக் கணக்கின் முன்னோடிகளுள் ஒருவர் ரொனால்ட் ராஸ். 1897இற் செகந்திராபாத்திற் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட அதே ராஸ்தான். ஊரிலுள்ள கொசுக்களை முற்றாக ஒழிக்காதவரை மலேரியா தீராது என்று பலர் வாதிட்டனர். அப்படியன்று, கொசுவின் தொகை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினாற் போதும், நோய் தானே அற்றுப்போகும் என்று 1911இல் அவர் சமன்பாடு எழுதிக் காட்டினார். ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக ஒருவருக்கும் குறைவானவர்க்கே நோய் பரவுமாயின், வரவைவிடச் செலவு மிகுந்த கடையைப் போல அது ஒரு நாள் மூடப்பட்டே தீரும். 2020இல் கொரோனாக் காலத்தில் நாம் செய்தித்தாள்களிற் படித்த எண் இதுவே. தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தார் அதனை அவ்வப்போது கணித்து வெளியிட்டனர்.

ராஸ் எழுதிய சமன்பாட்டில் எழுத்துகள் இருக்கின்றன. எழுத்துகளுக்குப் பதில் எண்களை யார் கொண்டுவந்து நிரப்புவது? அதற்கு ஒருவர் நடந்து போய் எண்ணியாக வேண்டும். அவ்வாறு எண்ணிய ஒருவர் நம் தீவிலேயே இருந்தார். கிறிஸ்டோபர்ஸ் என்னும் மருத்துவர், கைதிகள் குடியேற்றமாக இது இருந்த காலத்தில், அந்தமானில் மலேரியாவை ஆராய்ந்து 1912இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். உவர்ச் சதுப்பை ஒட்டிய இருப்பிடங்களிற் காய்ச்சல் மிகுந்திருப்பதையும், அதற்குக் காரணம் உவர்நீரில் முட்டையிடும் ஒருவகை அனாபிலிஸ் கொசு என்பதையும் அதிற் காட்டினார். அக்கொசுவுக்கு இன்று சுண்டைக்கஸ் என்று பெயர்.

பழைய கதை என்று இதனை ஒதுக்க வேண்டா. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து போனதோடு துன்பம் முடியவில்லை. தென் அந்தமானில் நிலமே தாழ்ந்துவிட்டது. சிப்பிகாட் பக்கம் போகிறவர்கள், முன்பு நெல் விளைந்த வயலில் இன்றும் கடல்நீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நன்னீர் நின்ற இடத்தில் உவர்நீர் நின்றால் எந்தக் கொசு பெருகும்? கிறிஸ்டோபர்ஸ் சுட்டிய அதே கொசு. புதுச்சேரியிலுள்ள கொசு ஒழிப்பு ஆராய்ச்சி மையத்தாரும், இங்கு டாலிகஞ்சிலுள்ள மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையத்தாரும் சேர்ந்து, ஆழிப்பேரலைக்குப் பின் நீர்நிலைகளை ஆராய்ந்து, மலேரியா பெருகும் அபாயம் இருக்கிறது என்று 2005இல் எழுதி எச்சரித்தனர். சதுப்பு வரிசையாக எண்ணி வைத்த பழைய அறிக்கைக்கு அன்றைக்கு எவ்வளவு பயன் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி நான் சொல்ல வந்த முதன்மையான பொருள். அது யானைக்கால் நோய். தஞ்சை, கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், கால் பருத்த பெரியவர் ஒருவரையேனும் சிறு வயதிற் பார்த்திருப்பீர்கள். நூல் போன்ற ஒரு புழு நிணநீர்க் குழாய்களில் தங்கி, ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை வாழ்ந்து, இலட்சக்கணக்கான நுண்புழுக்களைக் குருதியில் விடுகிறது. கொசு அந்நுண்புழுவைக் குருதியோடு உறிஞ்சி, சில நாள் தன் உடலில் வளர்த்து, மற்றொருவருக்குக் கொடுக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கும் டி.இ.சி. மாத்திரை நுண்புழுக்களைப் பெரும்பாலும் அழித்துவிடும்; தாய்ப்புழு முழுதும் அழிவதில்லை. ஆகையால், தாய்ப்புழுக்கள் முதிர்ந்து மடியும் வரை ஆண்டுதோறும் கொடுத்து வரவேண்டும். எத்தனை ஆண்டு? இங்கேதான் கணக்கு வருகிறது.

1975இல் நிறுவப்பட்ட புதுச்சேரி மையத்தார், 1981 முதல் 1985 வரை அந்நகரிற் சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் சீர்செய்து கொசுவைக் குறைத்தனர். 1981, 1986, 1989, 1992 ஆகிய ஆண்டுகளில் மக்களின் குருதியைச் சோதித்துப் பதிவு செய்தனர். இப்படி ஆண்டுக்கணக்கிற் பொறுமையாக எண்ணி வைத்த ஊர்கள் உலகில் மிகச் சில. ஹாலந்து நாட்டு ராட்டர்டாம் பல்கலைக்கழகத்தாரும், பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரத்தாரும், புதுச்சேரியாரும் ஒன்றுகூடி, லிம்ஃபசிம் என்னும் ஒரு கணிப்பொறி மாதிரியை அமைத்து 1998இல் வெளியிட்டனர். பெரிய மண்டபமும் மலர்மாலையும் இல்லாவிடினும், நான் மிக மதிக்கும் அறிவியற் கூட்டம் இதுதான்.

அம்மாதிரி எப்படிப்பட்டது? ஒரு பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்பனை ஊர் ஒன்றில் ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு வரி. அவன் வயது என்ன, அவன் உடலில் எத்தனை புழு, எத்தனை கொசு கடித்தது, மாத்திரை விழுங்கினானா என்று அவ்வரியிற் பதிவாகும். காலம் நகர நகர, பிறப்போர் சேர்க்கப்படுவர், இறப்போர் நீக்கப்படுவர். கணிப்பொறி சிறிது நேரத்திற் பல ஆண்டுகளை ஓட்டிக் காட்டிவிடும். புதுச்சேரியிற் குருதி எடுத்துக் கண்ட எண்களோடு அது ஒத்துவரும் வரை திருத்துவர். ஒத்துவந்த பின், இத்தனை பேர் மாத்திரை உண்டால் எத்தனை ஆண்டில் நோய் அறும் என்று அதனைக் கேட்பர். 2003இல் வெளியான ஆய்வு ஒன்றில் வந்த விடை, ஊரில் நோயின் கடுமை, மருந்தின் வலிமை, விழுங்குவோரின் விழுக்காடு ஆகியவற்றைப் பொறுத்து ஆண்டுகள் பெரிதும் மாறும் என்பது.

விழுக்காட்டைப் பற்றி மட்டும் ஒரு சிறு கணக்கு. இதற்குக் கணிப்பொறி வேண்டா. என் மேசையிலேயே போட்டுப் பார்த்தேன். மொத்த மக்களில் நூற்றுக்கு 65 பேரேனும் மாத்திரை உண்ண வேண்டும் என்பது உலக நல்வாழ்வு நிறுவனம் வகுத்த அளவு. 1,000 பேர் உள்ள ஓர் ஊரில் 650 பேர் உண்கிறார்கள். 350 பேர் விடுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் விடுபவர் வெவ்வேறு ஆட்களாக, தற்செயலாக அமைந்தால், இரண்டு சுற்று முடிவில் ஒருமுறைகூட உண்ணாதவர் ஏறத்தாழ 122 பேர். மூன்றாம் சுற்றில் 43. நான்காவதில் 15. ஐந்தாம் சுற்று முடியும்போது ஐந்தே பேர்! ஆனால் ஒவ்வோர் ஆண்டும் விடுபவர் அதே ஆட்களாக இருந்தால்? ஐந்து சுற்றுக்குப் பின்னும் 350 பேர். அதிகாரியின் அறிக்கையில் இரண்டு ஊருக்கும் ஒரே எண்தான் எழுதப்படும்: நூற்றுக்கு 65. ஓர் ஊரிற் புழுவுக்குத் தங்க இடமில்லை; மற்றோர் ஊரில் 350 வீடு திறந்திருக்கிறது.

இதில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. மாத்திரையைக் கையில் வாங்கி, “சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்கிறேன்” என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது. கொடுக்க வந்த பெண் பாவம், உண்டார் என்று குறித்துக்கொண்டு போவாள். வயிறு வெறுமையாக உண்ணலாகாது என்பது உண்மையே. அப்படியானால் உண்டபின் வரச்சொல்ல வேண்டும். பொய்க்குறி ஒன்று பேரேட்டில் ஏறிவிட்டால், அதன் மேல் எத்தனை பெரிய அறிஞர் எவ்வளவு நுட்பமாகக் கூட்டினாலும் கூட்டுத்தொகை பொய்யாகத்தான் வரும். எழுத்தனாக இருபது ஆண்டு இருந்தவன் என்ற உரிமையில் இதைச் சிறிது உரத்தே சொல்கிறேன்.

இவ்வளவும் எதற்கு? இந்நோய் நம் தீவுக் கூட்டத்தில் இருக்கிறது. கமோர்ட்டா, கச்சால், தெரெசா, சௌரா முதலிய தீவுகள் அடங்கிய நான்கௌரிக் கூட்டத்தில், இந்தியாவில் வேறெங்கும் காணப்படாத ஒரு வகையில் இருக்கிறது. பெருநிலத்தில் நுண்புழுக்கள் இரவில் மட்டும் தோலடிக் குருதிக்கு வரும். சீனத்து அமோய் துறைமுகத்திற் பணியாற்றிய மேன்சன் என்னும் மருத்துவர் 1870களின் இறுதியில் இதைக் கண்டறிந்தார். இரவிற் கடிக்கும் கொசுவுக்கு ஏற்ற ஒழுங்கு அது. ஆகவே அங்கெல்லாம் குருதிச் சோதனையை இரவில் வீடு வீடாகப் போய்ச் செய்வர். நான்கௌரியிலோ, காட்டில் மரப்பொந்து நீரிற் பிறந்து பகலிற் கடிக்கும் நிவியஸ் என்னும் கொசுவே நோயைப் பரப்புகிறது. நுண்புழுவும் அதற்கேற்பப் பகலில் மிகுதியாகக் குருதிக்கு வருகிறது!

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். பெருநிலத்து ஏட்டைப் பார்த்து இரவில் மட்டும் குருதி எடுத்துச் சென்றால், உள்ள நோயிற் பெரும்பகுதி கணக்கில் வராமற் போகும். புதுச்சேரியைப் போலச் சாக்கடையைச் சீர்செய்தால் அக்கொசு குறையாது. அது சாக்கடைக்கு வருவதே இல்லை. கொசுவலைக்குள் இரவிற் படுத்திருப்பவனைப் பகலிற் காட்டில் அது காத்திருந்து கடிக்கும். புதுச்சேரிக் கணக்கு எவ்வளவு சிறந்ததாயினும், அதனை அப்படியே பெயர்த்தெழுதி நான்கௌரிக்கு வைத்துக்கொள்ள முடியாது. பகல், காடு, மரப்பொந்து என்று நம் தீவின் வரிகளைத் தனியே சேர்த்தாக வேண்டும். 2004இல் நாடெங்கும் தொடங்கிய மருந்து வழங்கல் அங்கும் பல சுற்று நடந்தது, நோய் விடவில்லை. அதன்பின் டி.இ.சி. கலந்த உப்பை வழங்கிப் பார்க்கும் முயற்சியும் அங்கே நடைபெற்றது. உப்பில்லாமல் உண்பவர் இல்லை அன்றோ? சீன நாடு மருந்து உப்பைப் பரவலாகப் பயன்படுத்திய நாடு. யானைக்கால் நோயை ஒழித்ததாக 2007இல் அறிவித்தது.

நான்கௌரித் தீவுகள் நிக்கோபாரி மக்களின் தாய்நிலம். நாம் அங்கே விருந்தினர். கச்சால் தீவில் இரப்பர்த் தோட்டத்துக்காக, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் 1970களிற் குடியமர்த்தப்பட்டதை மூத்தவர்கள் அறிவீர்கள். ஆழிப்பேரலை கச்சாலைச் சூறையாடியதையும் அறிவீர்கள். அவர்களைத் தவிர, ஆசிரியர்களாகவும் பொதுப்பணித் துறையினராகவும் கடைக்காரராகவும் நம்மவர் இன்றும் அங்குச் சென்று தங்குகின்றனர். “நான் இரண்டு ஆண்டு இருந்துவிட்டுப் போகிறவன், இது இவ்வூர்க்காரர் நோய், எனக்கேன் மாத்திரை?” என்று அவர்களிற் சிலர் சொல்ல நானே கேட்டிருக்கிறேன். கொசு குடியுரிமைச் சீட்டைப் பார்த்துக் கடிப்பதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறினாலும், மாத்திரை உண்ணாத அந்த இடம் மாறுவதில்லை. பேரேட்டில் அது அதே 350இல் ஒரு வரியாகவே நிற்கும். நம் ஒருவரின் உடலிற் புகுந்த புழு, நாளை ஒரு நிக்கோபாரிக் குழந்தைக்குப் போகக் கூடும்.

அந்த மாணவருக்கு நான் சொன்ன விடை இதுவே: மாநாட்டிலே கணிதக்காரர் படம் வரைகிறார், படத்துக்கு வேண்டிய புள்ளியை நாம் கொடுக்கிறோம். கணிதத்தில் விருப்பமுள்ளவர் அவர். புதுச்சேரியாரின் மாதிரியில் நான்கௌரிக்கு எந்தெந்த வரிகளைச் சேர்க்க வேண்டும் என்று தனக்குத் தோன்றியவற்றை எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் அவரை டாலிகஞ்சு மையத்துக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். அங்குள்ள அறிஞர்கள் எங்களுக்குக் கால் மணி நேரமாவது கொடுப்பார்கள் என்று நம்புகிறேன்.

செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். கமோர்ட்டாவுக்கோ கச்சாலுக்கோ பணி மாற்றலிற் செல்லும் உறுப்பினர்க்குக் கொடுக்க, ஒரு பக்க அளவிற் தமிழ்க் குறிப்பு ஒன்று அச்சிட வேண்டும். மாத்திரை ஏன் பகிரப்படுகிறது. வயிறு வெறுமையாக உண்ணலாகாது. கருவுற்ற பெண்கள், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோர்க்குக் கொடுப்பதில்லை. உண்டபின் சிலருக்குக் காய்ச்சலும் தலைச்சுற்றலும் வருவது புழு மடிவதன் அறிகுறி, பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். குருதி எடுக்கப் பகலில் வந்தால் மறுக்காமல் விரலை நீட்டுக. இவ்வளவு போதும். எழுதித் தருவது என் பொறுப்பு. மருத்துவர் ஒருவர் பார்த்துத் திருத்திக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். அச்சுச் செலவைத்தான் பொருளாளர் அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த நான்கௌரிக் கப்பலுக்கு முன் முடிந்தால் நலம்.